சூட்டுப்பால்

மகளின் இடுப்புத் துணியை அவிழ்ப்பதற்கு முன்னால் ஸ்மைலின் ஒரு நொடி கண்ணை மூடிக்கொள்வாள். அந்த ஒரு நொடிக்குள் புண் ஆறிப்போயிருக்கும் என்று ஒரு நம்பிக்கை. கண்ணைத் திறந்தால் எல்லாம் அப்படியே இருக்கும். தொடை இடுக்கிலும் பின்பக்கத்திலும் தோல் சிவந்து, வெந்நீர் பட்டதுபோல மினுங்கும். ஐந்து மாதக் குழந்தை பிரீனா காலை உதைத்துக்கொண்டு வீறிடுவாள். ஸ்மைலின் ஈரத்தை ஒற்றி எடுத்து, வாயால் ஊதிவிட்டு, வேறு துணி கட்டுவாள். அவிழ்த்த துணி வாளிக்குப் போகும். வாளி நிறைந்தால் அலச வேண்டும். அலசினால் காய வேண்டும். வெளியே மழை பெய்துகொண்டே இருக்கும்.

அவள் கணவன் பிரபினுக்கு வெட்டுத் தொழில். ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவிப் பால் எடுப்பதைத்தான் கீரிப்பாறைப் பக்கம் வெட்டு என்பார்கள். வீட்டை ஒட்டிய தனியார் தோட்டம் ஒன்றை அவன் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, எடுத்திருந்தான். காலையில் வெட்டிக் கொண்டுவரும் பாலை அரித்து, தட்டுகளில் ஊற்றி, ஆசிட் விட்டு உறையவைத்து, மிஷினில் கொடுத்துத் தேய்த்தால் வெள்ளை ஷீட் கிடைக்கும். அதைப் புகைப்புரையில் மூங்கில் கழிகளில் தொங்கவிட்டு, அடியில் விறகு மூட்டிப் புகை போட வேண்டும். சில நாட்களில் ஷீட் தேன் நிறத்துக்கு வரும். அப்புறம்தான் கடைக்குப் போகும். வெட்டும் புகையும் பிரபினுடைய வேலை. அரிப்பதும் மிஷின் சுற்றுவதும் ஸ்மைலினுடைய வேலை. குழந்தை பிறந்தபின் கொஞ்ச காலம் அவளை மிஷின் பக்கம் விடவில்லை. பிறகு யாரும் சொல்லாமலே அவள் பழைய இடத்துக்குப் போய் நின்றுவிட்டாள்.

ஸ்மைலின் பிறந்தது இரணியலில். பள்ளிக்கூடம் முடிந்ததும் மார்த்தாண்டத்தில் ஒரு துணிக்கடையில் நின்றாள். நாள் முழுவதும் துணியை விரித்துக்காட்டி, மறுபடி மடித்துவைக்கிற வேலை. கையில் எடுத்த உடனே இது பருத்தி, இது கலப்பு என்று சொல்லிவிடுவாள். அதனால்தான் பிரீனா பிறந்தபோது, கடையில் வாங்கும் டயப்பர் வேண்டாம், ஈரம் உள்ளேயே நின்று தோலை ஊறவைக்கும், நான் துணியே கட்டுகிறேன் என்று சொன்னாள். வெளியூர்ப் பயணத்துக்கு மட்டும் டயப்பர். வீட்டில் கிடந்த பழைய வேட்டிகளில் நூல் நைந்து பூப்போல ஆனவற்றைத் தேர்ந்து கிழித்து மடித்து வைத்தாள். கோடை முழுவதும் குழந்தையின் தோலில் ஒரு பொட்டுக்கூட வரவில்லை. மழை பிடித்த பிறகுதான் இந்தப் புண்.

வீட்டில் மூன்றாவது ஆள் பிரபினின் அக்கா சத்தியபாய். தாய் தகப்பன் போனபின் தம்பியை வளர்த்து ஆளாக்கியவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. குழந்தை அழுதால் முதலில் ஓடிவருகிறவளும் அவள்தான், அழுகைக்குக் காரணம் கண்டுபிடிக்கிறவளும் அவள்தான்.

"ஏட்டி, இது துணியில உள்ள குத்தம் இல்ல, எண்ணெயில உள்ள குத்தமும் இல்ல. ஒனக்க பாலு சூட்டுப்பாலு. தள்ளைக்க சூடு பிள்ளைக்க மேல காட்டுது. காலத்த எழும்பி பால அரிச்சு, மிஷின் சுத்தி, புகைப்புரை வாசல்ல போய் நின்னா பாலு சூடாவாதா?"

"அப்பம் நாளையிலேருந்து மிஷின் நீங்க சுத்துதியளா மைனி?"

"எனக்க மூட்டு இருக்க இருப்புக்கு நான் மிஷின் சுத்தவா? நல்லாத்தான் சொன்னா பாரு!"

மிஷின் நிற்கவில்லை. சாப்பாடுதான் நின்றது. சூடு என்று ஒரு வார்த்தை விழுந்ததும் ஸ்மைலினின் தட்டிலிருந்து ஒவ்வொன்றாக இறங்கிப் போயின. முதலில் கருவாடு. பிறகு கோழி, நண்டு, மாங்காய். கடைசியில் மீனும் மரச்சீனிக் கிழங்கும் போயின. அந்த ஊரில் கிழங்கும் மீனும் இல்லாத சாப்பாடு சாப்பாடே இல்லை. அவளே சாளை மீனைக் கழுவி, தேங்காய் அரைத்துக் கறி வைத்து, தம்பிக்கும் அக்காவுக்கும் விளம்பிவிட்டு, மூலையில் உட்கார்ந்து கஞ்சியும் பயறும் குடிப்பாள். பால் கொடுக்கிற வயிறு. கஞ்சி குடித்துக் கையைக் கழுவுவதற்குள் மறுபடி பசிக்கும்.

அந்த நாட்களில் அவளுக்குக் கிடைத்த ஒரே சுகம் பிரபின் கொண்டுவரும் துணிக்கட்டுதான். மழையில் கொடியில் போட்ட துணி நாள்கணக்கில் நசநசவென்று கிடந்ததைப் பார்த்துவிட்டு, அவனாகவே ஒரு வழி செய்திருந்தான். ஷீட் போடப் போகும்போது ஈரத் துணிகளையும் எடுத்துப்போய்ப் புகைப்புரையில் ஒரு கழியில் விரித்துவிடுவான். மறுநாள் மொறுமொறுவென்று காய்ந்து, வெதுவெதுப்பாக அவள் மடியில் கொண்டுவந்து போடுவான்.

"மழை எவ்வளவு பெய்தா நமக்கென்ன? நம்ம வீட்டுலதான் தனியா ஒரு வெயிலு இருக்கே," என்பான்.

அவள் அந்தச் சூட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருப்பாள். சில சமயம் அந்த இருப்பிலேயே தூங்கியும் போவாள்.

சத்தியபாய் பவுடர் போட்டுப் பார்த்தாள். அது ஈரத்தோடு சேர்ந்து மடிப்புகளில் மாவாகத் திரண்டு இன்னும் உறுத்தியது. மஞ்சளைக் குழைத்துப் பூசினாள். எரிச்சலில் குழந்தை மூச்சு நின்றுவிடுகிற மாதிரி அழுதது. அன்றைக்கு ஸ்மைலின் குழந்தையைத் தூக்கிக்கொண்டு குடையை விரித்து, சுகாதார நிலையத்துக்கு இறங்கிப் போனாள்.

அங்கிருந்த நர்ஸ் இந்துஜா குழந்தையைத் திருப்பிப் போட்டுப் பார்த்தாள். "பவுடர், மஞ்சள் எதுவும் வேண்டாம். சோப்பும் வேண்டாம். பச்ச வெள்ளத்துல கழுவி, தேய்க்காம ஒத்தி எடுங்க. நனைஞ்ச உடனே மாத்துங்க. தெவசமும் கொஞ்ச நேரம் ஒண்ணும் கெட்டாம காத்தாட விடுங்க. உருக்கெண்ணெய் இருந்தா லேசா தடவலாம். சீழ் கண்டாலோ காய்ச்சல் அடிச்சாலோ காத்திருக்காம டாக்டர்கிட்ட கொண்டு போயிரணும்."

"எனக்க பாலுல சூடு இருக்குன்னு மைனி சொல்லுதாவ சிஸ்டர்."

"பாலுல ஒண்ணும் இல்ல. நல்லா குடுங்க. துணி மட்டும் நல்லா காஞ்சிருக்கணும், வெயில்ல உணக்குங்க."

"வெயிலா? அது எங்க விக்குது சிஸ்டர்?"

இந்துஜாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "செரி, ஈரம் இல்லாம காஞ்சா போதும்."

"அது நல்லா காயுது. எனக்க வீட்டுக்காரரு காய வச்சுத் தாறாரு."

எங்கே காய வைக்கிறார் என்று இந்துஜா கேட்கவில்லை. ஸ்மைலினும் சொல்லவில்லை. அதில் சொல்வதற்கு ஏதாவது இருக்கிறது என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

நர்ஸ் சொன்னதையெல்லாம் ஸ்மைலின் ஒன்று விடாமல் செய்தாள். தேங்காய் துருவிப் பால் பிழிந்து, அடுப்பில் வைத்து எண்ணெய் பிரியும் வரை கிண்டி, உருக்கெண்ணெய் எடுத்தாள். இரவும் பகலும் நனைந்த உடனே மாற்றினாள். காற்றாட விட்டாள். காற்றாட விடும்போது கொஞ்சம் அடங்கும். துணி கட்டினால் மறுபடி சிவக்கும். கட்டாமலே வைத்திருந்தால் ஈரத்தில் கிடந்து பிள்ளைக்குச் சளி பிடிக்கும் என்று சத்தியபாய் சத்தம் போடுவாள். ஸ்மைலினுக்குத் தன்மேலேயே நம்பிக்கை போய்விட்டது. மிஷின் சுற்றும்போது கண் செருகியது. ஒருநாள் ஆசிட் ஊற்றிய தட்டிலேயே மறுபடி ஆசிட் ஊற்றி, பாலைக் கெடுத்துவிட்டாள். பிரபின் அந்தத் தட்டை எடுத்துக் கழுவிவைத்தான். அவன் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவள் நினைத்தாள்.

அந்த வாரம்தான் சத்தியபாய் யாரையும் கேட்காமல் முடிவெடுத்துவிட்டாள். கடையிலிருந்து ஒரு பால் டின்னும் புட்டியும் வாங்கி வந்து அலமாரியில் வைத்தாள்.

"அண்ணனுக்க புது வீட்டுப் பால்காய்ப்புக்கு இரணியலுக்குப் போறல்லா? போயிட்டு வா. வந்த பெறவு பிள்ளைக்கு இதுதான். ஒனக்க பால நிறுத்திருவோம்."

ஸ்மைலின் கணவனைப் பார்த்தாள். அவன் டின்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா சொல்லுதாவ. ஒரு தடவ பார்ப்போமே," என்றான்.

எல்லாப் பக்கமும் கை தோற்றுப்போன பிறகு அவளிடம் மிச்சமிருந்தது இந்த ஒன்றுதான். எவ்வளவு எரிச்சலில் அழுதாலும், மார்பில் போட்டவுடன் பிரீனா அடங்கிவிடுவாள். ஒரு கையால் அம்மாவின் தாலிச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு குடிப்பாள். அதையும் எடுத்துவிட்டால் தான் இந்தக் குழந்தைக்கு யார் என்று ஸ்மைலினுக்குத் தெரியவில்லை. ஆனால் சண்டை போடவும் உடம்பில் தெம்பு இல்லை. "வந்து பேசுவோம் மைனி," என்று மட்டும் சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டாள்.

பிரீனாவுக்கு டயப்பர் போட்டுக் கிளம்பி, நாகர்கோவிலில் பஸ் மாறினாள். இரண்டாவது பஸ்ஸில் ஜன்னல் வழியாகச் சாரல் அடித்து, காலடியில் இருந்த குழந்தையின் துணிப்பை தெப்பமாக நனைந்துவிட்டது. இரணியலில் அவள் அண்ணன் ஷாஜன் ஆட்டோவோடு காத்து நின்றான். ரயில்வே ஸ்டேஷன் சவாரிதான் அவன் பிழைப்பு. பையைத் தூக்கியவன் மூக்கைச் சுளித்தான்.

"ஏட்டி, இது என்ன பையா, புகை போட்ட கருவாடா?"

"ரப்பர் வீட்டுக்குக் கெட்டிக்குடுத்துட்டு மல்லியப்பூ மணக்கணும்னா எப்படி?"

"அதுவும் செரிதான். ஒனக்க மேலயும் அந்த மணந்தான். பிள்ள மட்டும் பிள்ள மாதிரி மணக்குது."

இரண்டு பேரும் சிரித்தார்கள். பேச்சு அதோடு போயிற்று.

நனைந்த பையை யாரோ மாடிப்படிக்கு அடியில் வைத்தார்கள். பால்காய்ப்பு வீட்டில் அதை எடுத்து விரிக்க ஆள் இல்லை. குழந்தைக்கு மாற்றுத் துணி வேண்டுமே என்று ஷாஜன் தன் பழைய வேட்டி இரண்டைக் கொண்டுவந்து கொடுத்தான். ஸ்மைலின் தடவிப் பார்த்தாள். நல்ல பருத்தி. அலசி, மொட்டை மாடியில் அப்போதைக்கப்போது அடித்த வெயிலில் காயப்போட்டு, கிழித்து மடித்துக் கட்டினாள்.

புதுவீட்டு அடுப்பில் பால் பொங்கியது. ஜெபம் முடிந்து பந்தி போட்டார்கள். இலையில் நெய்மீன் குழம்பைக் கண்டதும் ஸ்மைலின் சோற்றில் வைத்த கையை எடுத்துவிட்டாள். கொஞ்சம் யோசித்தாள். எப்படியும் திரும்பிப் போனால் பாலை நிறுத்தத்தானே போகிறார்கள், வருவது வரட்டும் என்று பிசைந்து சாப்பிட்டாள். மறு சோறு வாங்கினாள். அன்று முழுக்கக் குற்றவாளி மாதிரி குழந்தைக்குப் பால் கொடுத்தாள்.

மறுநாள் காலையில் வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டு துணியை அவிழ்த்தாள். கண்ணைத் திறந்தவள், ஜன்னல் பக்கம் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் மறுபடி பார்த்தாள். சிவப்பு மங்கியிருந்தது. அடுத்த நாள் இன்னும் மங்கியது. அண்ணன் வீட்டில் கிழங்கு அவித்தார்கள், நண்டு வைத்தார்கள், அவள் எல்லாவற்றையும் தின்றாள். ஊருக்குக் கிளம்புகிற நாளில் பிரீனாவின் தோல் பழையபடி வழுவழுவென்று இருந்தது. குழந்தை துணியில்லாமல் பாயில் கிடந்து காலை ஆட்டிச் சிரித்தது.

என் பால் சூட்டுப்பால் என்றால் இங்கேதானே சூடு கூடியிருக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. எண்ணெய் அதே உருக்கெண்ணெய். வேட்டித் துணியும் அதே மாதிரிதான். அப்படியானால் எது மாறியது? எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை.

கிளம்புவதற்காகப் படிக்கட்டின் அடியில் கிடந்த துணிப்பையை எடுத்து ஜிப்பைத் திறந்தாள். உள்ளேயிருந்து ஒரு நெடி எழும்பி முகத்தில் அடித்தது. காரமான, கண்ணைக் கரிக்கும் நெடி. ஈரத்தில் புழுங்கிய புகையும் ரப்பரும் ஆசிட்டும் கலந்த நெடி. ஒரு துணியை உருவி மூக்கருகே கொண்டுபோனாள். இருமல் வந்தது. இதிலா நான் முகத்தைப் புதைத்துக்கொண்டு இருந்தேன்? அங்கே இருக்கும்போது ஒருநாளும் இது மணக்கவில்லையே. வீடும் உடம்பும் தலைமுடியும் அதே மணமாக இருக்கும்போது தனியாக எப்படி மணக்கும்?

இதைத்தான் மூத்திர ஈரத்தோடு பிள்ளையின் தொடையில் நாள் முழுக்கக் கட்டிவைத்திருந்தோம்.

அவளுக்குக் கோபம் வரவில்லை. படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிரபினிடம் சொல்ல வேண்டுமே என்று நினைத்தபோதுதான் அசதி இன்னும் கூடியது.

பிரபின் பஸ் நிறுத்தத்தில் குடையோடு நின்றான். குழந்தையின் துணியை விலக்கிப் பார்த்து, "நல்லா ஆறிட்டே!" என்று சத்தமாகவே சொன்னான். "நீ வருவன்னு மிச்சத் துணியெல்லாம் புரையில போட்டிருக்கேன். நல்ல சூடா இருக்கு."

நடந்துகொண்டே அவள் சொன்னாள். பையிலிருந்து ஒரு துணியை எடுத்து அவன் மூக்கருகே நீட்டினாள். அவன் இழுத்து மோந்து பார்த்தான்.

"எனக்கு ஒண்ணும் மணக்கல்லியே."

"ஒங்களுக்கு மணக்காது. எனக்கும் இத்தன நாளும் மணக்கல்லியே."

அவன் துணியை மறுபடி மோந்து பார்த்தான். "நான் பிள்ளைக்கு நல்லதுன்னுல்லா செஞ்சேன்."

"நல்லதுதான் செஞ்சிய. இது பிள்ளைக்க துணின்னு புகைக்குத் தெரியாதுல்லா."

அவன் சிரிக்க முயன்றான், முடியவில்லை. குடையை அவள் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, தான் நனைந்தபடியே நடந்தான்.

வீட்டில் சத்தியபாய் புட்டியை வெந்நீரில் போட்டுத் தயாராக வைத்திருந்தாள். குழந்தையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "கண்டியா? புகைப்புரைப் பக்கம் போவாம நாலு நாள் இருந்த ஒடனே ஒனக்க பாலு தணிஞ்சிட்டு."

"மைனி, நான் அங்க நெய்மீனும் நண்டும் தின்னேன்."

சத்தியபாய் வெந்நீரில் கிடந்த புட்டியைத் திருப்பிப் போட்டாள். ஸ்மைலின் இரண்டு கோப்பைகளில் வெந்நீர் ஊற்றினாள். ஒன்றில் அண்ணன் வீட்டுத் துணியைப் போட்டாள். இன்னொன்றில், பிரபின் அப்போதுதான் புரையிலிருந்து எடுத்துவந்த துணியைப் போட்டாள். மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள். முதல் கோப்பையில் தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. இரண்டாவது கோப்பையில் ஓரத்திலிருந்து மஞ்சள் கசிந்தது. கொஞ்ச நேரத்தில் முழுவதும் பால் விடாத கட்டஞ்சாயா நிறத்துக்கு வந்தது.

"கர்த்தாவே," என்றாள் சத்தியபாய். கோப்பையைத் தூக்கி மோந்து பார்த்தாள். அவளுக்கும் மணக்கவில்லை. ஆனால் நிறத்தை மறுக்க முடியாது. பாயில் கிடந்த குழந்தையைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள். அவன் வெளியே மழையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏலே, ஷீட்டு புகை போடுத எடத்துல யாராவது பிள்ளைக்க துணியப் போடுவானாலே?"

"நீங்களும் கண்டியதானே அக்கா. தம்பிக்கு நல்ல புத்தின்னு சொன்னியளே."

சத்தியபாய் அதைக் காதில் வாங்கவில்லை. கோப்பையைக் கீழே வைத்துவிட்டுத் தலையை ஆட்டினாள். "எப்படியானாலும் சூடுதானே? புகைப்புரைச் சூடு. நான் மொதல்லயே சூடுன்னு சொன்னேனா, இல்லியா?"

ஸ்மைலினுக்குச் சொல்ல நிறைய இருந்தது. எத்தனை நேரக் கஞ்சி, எத்தனை மீன்கறி என்று சொல்லியிருக்கலாம். ஆனால் குழந்தை சிணுங்கத் தொடங்கியிருந்தது. எழுந்துபோய்த் தூக்கி மார்போடு சேர்த்துக்கொண்டாள். சங்கிலியில் குழந்தையின் விரல்கள் வந்து விழுந்தன.

"ஆமா மைனி, சூடுதான்," என்றாள்.

மழை நிற்கவில்லை. பிரபின் முன்னறையில் குறுக்கும் நெடுக்கும் கயிறு கட்டினான். புகையேறிய துணிகளைத் தூக்கிப்போட்டுவிட்டு, ஷாஜனின் வேட்டித் துணிகளை ஃபேனுக்கு அடியில் தொங்கவிட்டார்கள். அரைகுறையாகக் காய்ந்ததை ஸ்மைலின் இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துத் தேய்த்து ஈரம் போக்கினாள். வீட்டுக்குள் வருகிறவர்கள் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டு வந்தார்கள். வேலை குறையவில்லை, கூடத்தான் செய்தது. மிஷினும் இருந்தது, வாளியும் இருந்தது. துணியை அவிழ்க்கும்போது கண்ணை மூடும் பழக்கம் மட்டும் எப்போது விட்டது என்று அவளுக்கே தெரியவில்லை.

அலமாரியில் பால் டின் அப்படியே இருந்தது. ஒருநாள் சாயங்காலம் சாயாவுக்குப் பால் இல்லை. சத்தியபாய் டின்னை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு கரண்டியின் காம்பை வைத்து நெம்பித் திறந்தாள்.

"வாங்கின சாமானம். கெட்டுப் போவ விடவா?" என்று யாரும் கேட்காமலே சொன்னாள்.

ஸ்மைலின் மிஷினிலிருந்து வந்து சுவரில் சாய்ந்து காலை நீட்டியிருந்தாள். மடியில் பிரீனா குடித்துக்கொண்டே தூங்கிப்போயிருந்தாள். சத்தியபாய் ஒரு தட்டில் அவித்த கிழங்கும் மீன்கறியும் கொண்டுவந்து அவள் பக்கத்தில் வைத்தாள். அதன் பக்கத்தில் ஆவி பறக்கிற சாயா.

"ஆற விடாத ஏட்டி," என்றாள். "சூட்டோட குடி."